தட்டைக் கீழே இறக்காதே சோணை

உக்காரு பாப்பா, உக்காரு. எதுக்கு நின்னுக்கிட்டே யோசிக்கிறே? சனிக்கிழமை மத்தியானத்துல வேலுத்தாய் மெஸ்ஸுல தனி டேபிள் கெடைக்கும்னு நெனச்சு வந்தியாக்கும்! இங்க யாரு வந்தாலும் முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு எதுக்கதான் உக்காந்து சாப்பிடணும். உன் நல்ல நேரம், என் எதுக்க எடம் இருந்துச்சு. அந்தா அந்த மீசைக்காரர் எதுக்க நீ உக்காந்திருந்தேன்னு வையி, அவரு எலும்பு கடிக்கிற சத்தத்துலயே உனக்குச் சோறு எறங்காது.

அந்தச் சேரு வேணாம். தள்ளி இதுல உக்காரு. நீ அங்க உக்காந்தா அந்தப் பச்சைத் திரை எனக்கு மறைக்குது. அது ஃபேமிலி ரூமு. ஒண்ணுமில்ல, சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்.

மருந்துக் கம்பெனியா? பையைப் பாத்தாலே தெரியுது. ஒரு ஆளை ஒரு பார்வை பாத்தா போதும் எனக்கு, புட்டுப்புட்டு வச்சிருவேன். என்னது, இன்சூரன்ஸா? எல்லாம் ஒண்ணுதான், வெயில்ல அலையுற பொழப்பு. எந்த ஊரு? தஞ்சாவூரா. அதான் இலையை இப்படிப் பயந்து பயந்து தொடைக்கிறே. நல்லா தண்ணி தெளிச்சு அழுத்தித் தொட. குடு, நானே தொடைக்கிறேன்.

சோணை! இங்கிட்டு வா. பாப்பாவுக்குச் சோறு போடு. ஏய், ஏய், தட்டை இறக்காதே. தட்டைக் கீழே இறக்காதே சோணை, மேலயே பிடிச்சுக்க. பாப்பாவுக்கு நான் சொல்றேன். ஒரு கீரை வையி, ஒரு அவிச்ச முட்டை வையி. எனக்கு ஒரு சுவரொட்டி, ஒரு மிளகு சுக்கா. போதும், போ.

என்ன பாப்பா அப்படி எக்கி எக்கிப் பாக்குறே? உனக்கு இந்த மெஸ் வழக்கம் தெரியாது. இங்க மெனு கார்டுங்கிற பேச்சே கெடையாது. சோத்துக்குத் தொட்டுக்கிற வெஞ்சனம் அம்புட்டையும் சின்னச் சின்னக் கிண்ணத்துல வச்சு, பெரிய தட்டுல அடுக்கி, டேபிளுக்கு டேபிள் கொண்டாந்து மூக்குக்கு நேரா இறக்குவாங்க. சுக்கா, ஈரல், மூளை, குடல், கோலா உருண்டை, நண்டு ஆம்லெட், அயிரை மீனுன்னு எல்லாம் கண்ணு முன்னாடி ஆவி பறக்கும். எது மேல நீ கை வைக்கிறியோ அது உன்னோடது. கை வச்ச கிண்ணத்தைத் திருப்பி எடுக்க மாட்டாங்க. அதுதான் இங்க சட்டம். நீயே சொல்லு, பசியோட இருக்கிற மனுசங்க முன்னாடி இப்படித் தட்டை இறக்குனா புத்தி வேலை செய்யுமா, கை வேலை செய்யுமா?

அதனால நான் இருக்கிற டேபிள்ல தட்டு இறங்காது. சோணை தோளுக்கு மேல பிடிச்சுக்கிட்டு நிப்பான், நான் சொல்லச் சொல்ல எடுத்து வைப்பான். மெஸ்காரம்மாவே ஒருக்கா வந்து, "மேடம், உங்களை மாதிரி ஒரு ஆளை இத்தனை வருசத்துல நான் பாத்ததே இல்ல"ன்னாங்க. கையெடுத்துக் கும்பிட்டே சொன்னாங்க, பாத்துக்க.

சுவரொட்டின்னா ஆட்டு மண்ணீரல். ரத்தம் ஊறும். உனக்கு ஆகாது. எனக்கா? எனக்கு ரத்தம் கம்மி. பிரஷர் இருக்குதான். ஆனா அது எங்கம்மா வழியில வந்த பிரஷர், அது ஒண்ணும் செய்யாது. டாக்டர் ஒருத்தன் இருக்கான், நேத்து மொளச்சவன், உப்பைக் குறைங்க, கறியைக் குறைங்கன்னு எழுதிக் குடுக்கிறான். என் உடம்பு எனக்குத் தெரியாதா?

என் பேரு மனோரஞ்சிதம். கரண்டு ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனவ. இப்பவும் ஆபீஸ் பக்கம் போனேன்னா எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாங்க. மரியாதை.

நான் யாரையும் குறை சொல்ற ஆளு இல்ல பாப்பா. அது என் பழக்கமே இல்ல. ஆனா மனசுல ஒண்ணு அடைச்சுக்கிட்டு இருக்கு, யார்கிட்டயாவது சொன்னாதான் எனக்குச் சோறு எறங்கும். நீ யாரோ எவரோ, சாப்பிட்டுட்டு பஸ் ஏறிப் போயிருவே. உன்கிட்ட சொல்றதுல என்ன வந்துச்சு?

எனக்கு மூணு சிநேகிதிங்க. மூணு பேரும் என்கூட அதே ஆபீஸ்ல இருந்தவளுக. ஜெசிந்தா கேஷ் கவுண்ட்டர். திலகராணி டைப்பிஸ்ட்டா வந்தவ. மெகராஜ் பில்லு செக்சன். எல்லாரும் எனக்கு இளையவளுக, அக்கா அக்கான்னு பின்னாடியே வருவாளுக. ரிட்டயர் ஆனதும் ஒரு ஏற்பாடு வச்சோம். மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை மத்தியானம், வீட்டுல அடுப்பைப் பத்த வைக்காம, நாலு பேரும் இங்க வந்து சாப்பிடுறது. அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னாடி, ஃபேனுக்குக் கீழ இருக்கிற டேபிள்தான் எங்க டேபிளு.

இவளுக மூணு பேருக்கும் தன் உடம்பைப் பத்தின அக்கறையே கெடையாது. ஜெசிந்தாவுக்கு சுகரு. திலகராணிக்குக் கொழுப்பு. மெகராஜுக்கு ஒரு வியாதியும் இல்ல, ஆனா வந்துரக் கூடாதுல்ல? அதனால நான்தான் பாத்துக்கிட்டேன். ஜெசிந்தாவுக்குக் கரண்டி அளவுல சோறு, வாழைத்தண்டு. திலகராணிக்கு மஞ்சக்கரு எடுத்த முட்டை. அந்த மஞ்சக்கருவை நான் சாப்பிட்டுருவேன், வீணாகக் கூடாதுல்ல. மெகராஜுக்கு ரசம். இத்தனைக்கும் அவளுகளை நான் ஏங்க விட்டதில்ல. எனக்கு வர்ற சுக்கா எப்படி இருக்கு, ஈரல் பதமா வெந்திருக்கான்னு ஒவ்வொண்ணா வாயில போட்டுப் போட்டு விளக்கமாச் சொல்லுவேன். மூணு பேரும் அசையாம பாத்துக்கிட்டே இருப்பாளுக. அம்புட்டு ஆர்வம்.

என்ன, சோத்தைப் பிசையாம வச்சிருக்கே? குழம்பு ஊத்தியாச்சுல்ல. கீரையை முதல்ல சாப்பிடு. கீரை வயித்துல மெத்தை மாதிரி விரிஞ்சுக்கிட்டா அப்புறம் எது போனாலும் வலிக்காது.

எங்க விட்டேன்? ஆங். ஒருக்கா நான் கை கழுவப் போயிட்டு வர்றதுக்குள்ள இந்தத் திலகராணி சோணையைக் கண்ணைக் காட்டிக் கூப்பிட்டு, மூளை வறுவல் மேல கையை வச்சுட்டா. நான் வந்து பாக்குறேன், வாய்க்குப் போற வழியில இருக்கு. எனக்கு வந்துச்சே கோவம்! சோணையைப் பிடிச்சு நிறுத்தி, "இந்தா பாரு, கை வச்ச கிண்ணத்தைத் திருப்பி எடுக்கிறதில்லைங்கிற உங்க சட்டத்தை எல்லாம் மத்த டேபிள்ல வச்சுக்க. என் டேபிள்ல, கூட வந்தவங்க வேணாம்னு சொன்னா, கை வச்ச கிண்ணமா இருந்தாலும் எடுத்துரணும். உடம்பு பெருசா, வழக்கம் பெருசா?"ன்னு கேட்டேன். அவன் மண்டையை மண்டையை ஆட்டுனான். அன்னியில இருந்து அதுதான் நடைமுறை. திலகராணி குனிஞ்சு முட்டையைத் தின்னா. தப்பை ஒத்துக்கிட்டான்னு அர்த்தம்.

இதுல என் குத்தம் ஏதாச்சும் இருக்கா, சொல்லு. இல்லைல்ல?

எங்க வீட்டுக்காரர் இருக்காரு. அவருக்கு நான் உப்பில்லாமதான் சமைச்சுப் போடுறேன், வருசக்கணக்கா. ஒரு நாள், ஒரு பொழுது முகம் சுளிச்சதில்ல. சாயங்காலமானா தவறாம வாக்கிங் போயிருவாரு, மழை பேஞ்சாலும் குடையைப் பிடிச்சுக்கிட்டுப் போவாரு. திரும்பி வர்றப்ப சட்டையில சால்னா வாசம் அடிக்கும். போற வழியில ஒரு புரோட்டாக் கடை இருக்குதாம், காத்து அப்படி வீசுமாம். பாவம், அந்த வாசத்தை எல்லாம் தாண்டி அந்த மனுசன் கட்டுப்பாடா வீட்டுக்கு வர்றாரு. இவளுகளுக்கு ஏன் அந்தக் கட்டுப்பாடு இல்ல?

சரி, விசயத்துக்கு வர்றேன். ஜெசிந்தாவுக்கு அறுபதாவது பொறந்தநாளு. முதல் ஞாயித்துக்கிழமையிலயே வந்துச்சு. மாம்பழக் கலர்ல பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வச்சு வந்தா. ரூமுக்குள்ள உக்காந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, இன்னிக்கு ஒரு நாள் தட்டைக் கீழ இறக்கச் சொல்லுங்கக்கா. பாக்க மட்டும்தான்" அப்படீன்னா. எனக்கு மனசு இளகிருச்சு. நான் ஒண்ணும் கல்லு இல்லையே. "பாக்கத்தானே, பாத்துக்கடி"ன்னு சோணையை இறக்கச் சொன்னேன்.

பாத்தா, பாத்தா, அப்படிப் பாத்தா! தேர் பாக்கிற சின்னப்புள்ள மாதிரி. மெகராஜும் திலகராணியும் ரெண்டு பக்கமும் குனிஞ்சுக்கிட்டு, "இது என்ன, அது என்ன"ன்னு. நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், போதும்டி பாத்ததுன்னு. அப்பப் பாத்து இவ கை நைசா நகந்து போயி கோலா உருண்டை மேல உக்காந்துருச்சு.

"எடு கையை"ன்னேன்.

"அக்கா, இன்னிக்கு என் பொறந்தநாளுக்கா"ன்னா.

"அது உன் சுகருக்குத் தெரியுமாடி? அது லீவு போட்டுருக்கா?"ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே? அதோட விடல. வெறும் வயித்துல எம்புட்டு, சாப்பிட்டப்புறம் எம்புட்டு, மூணு மாசச் சராசரி எம்புட்டுன்னு அவ டெஸ்ட்டு ரிசல்ட்டை மனப்பாடமாச் சொன்னேன். எனக்கு அவ நம்பரெல்லாம் அத்துப்படி. என் சத்தம் கொஞ்சம் பெருசு, திரைக்கு வெளிய வரைக்கும் கேட்டுருச்சு போல. பெரியவர் ஒருத்தர் திரையை விலக்கிட்டு உள்ளயே வந்து, அவரு தம்பிக்கு சுகர்ல காலை எடுத்த கதையைப் பூராவும் நின்னு சொல்லிட்டுப் போனாரு. நல்ல மனுசன். பொறந்தநாளு அதுவுமா யாரு அப்படி அக்கறையா வந்து சொல்லுவா?

சோணை கிண்ணத்தை எடுக்கத் தயங்குனான். சரின்னு நானே இங்கிட்டு இழுத்துக்கிட்டேன். அன்னிக்குக் கோலா நல்லா அமைஞ்சிருந்துச்சு, அதையும் சொல்லணும். ஜெசிந்தாவுக்குக் கண்ணு கலங்கி பொலபொலன்னு தண்ணி. ரசத்துல அன்னிக்கு மிளகு சாஸ்தி. மெகராஜ் பாதிச் சோத்துலயே இலையை மூடிட்டா. அவளுக்கும் ரசம் காரமாத்தான் இருந்திருக்கும்.

அம்புட்டுத்தான் நடந்தது. வேற ஒண்ணும் நடக்கல.

அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமைக்கு நான் வழக்கம் போல போன் போடுறேன். ஜெசிந்தா, "முட்டி வலிக்கா, காலைக் கீழ ஊன முடியல"ங்கிறா. திலகராணி ஏதோ விரதங்கிறா. மெகராஜ் மக வீட்டுக்குப் போறேங்கிறா. சரி, மூணு பேருக்கும் ஒரே நேரத்துல கஷ்டம்னு விட்டுட்டேன். அடுத்த மாசமும் அதே முட்டி, அதே விரதம், அதே மக. என்னால பொறுக்க முடியல. முடக்கத்தான் கீரையை ஆய்ஞ்சு, அரைச்சு, டப்பாவுல எடுத்துக்கிட்டு ஜெசிந்தா வீட்டுக்கே போயிட்டேன். மாடிவீடு. பெல் அடிச்சதும் மேலருந்து தடதடன்னு ஓடி வந்து கதவைத் திறந்தா. முட்டி வலியோட ஒருத்தி அப்படி ஓடி வர்றான்னா, என் மேல எம்புட்டுப் பிரியம் வச்சிருக்கணும்! கதவைத் திறந்து என்னைப் பாத்ததுக்கப்புறம்தான் முட்டியைப் பிடிச்சா.

அப்புறம் என்னாச்சு, எங்க வீட்டுக்காரருக்குச் சளி பிடிச்சுக்கிச்சு. சூப்பு வாங்கலாம்னு ஒரு நாள் இங்க வந்தேன். இந்தச் சோணை பயபுள்ள சூப்பை ஊத்திக்கிட்டே, "மேடம், உங்க முட்டி வலி தேவலையா?"ன்னு கேக்குறான். எனக்கேதுடா முட்டி வலின்னேன். "இல்ல, அந்த மூணு மேடமும் ரெண்டாவது சனிக்கிழமைதோறும் வர்றாங்கல்ல, உங்களுக்கு முட்டி வலின்னு சொன்னாங்களே. ஜெசிந்தா மேடம் நேத்துகூட கோலா உருண்டை ரெண்டு கிண்ணம் கை வச்சாங்க"ங்கிறான்.

கையில சூடா சூப்பு. அதை அங்கனயே வச்சுட்டு வெளிய வந்துட்டேன்.

ரெண்டாவது சனிக்கிழமை! என்னைக் கழிச்சு விட்டுட்டு, எங்க ரூம்ல, எங்க ஃபேனுக்குக் கீழ, நான் உக்காந்த சேரைக் காலியாப் போட்டு வச்சுக்கிட்டுத் தின்னுருக்காளுக. சொல்றதுக்கென்ன பாப்பா, அன்னிக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். வீட்டுக்காரர் வாக்கிங் போயிருந்தாரு, அதனால சத்தமாவே அழுதேன். எனக்கு வேற யாரு இருக்கா? மகன் புனேயில, வாரத்துக்கு ஒரு போனு, அதுலயும் நான் பேச ஆரம்பிச்சா சிக்னல் போயிருது அவனுக்கு. இவளுகதான் எனக்கு எல்லாம். வாட்ஸப்புல குரூப்பு வச்சிருந்தோம். தெனம் காலையில நான் ஒரு வியாதியைப் பத்திப் போடுவேன், அவளுக கையெடுத்துக் கும்பிடுற பொம்மையைப் போடுவாளுக. இப்ப நான் மட்டும்தான் போட்டுக்கிட்டு இருக்கேன். பாக்குறாளுக. பதில் இல்ல.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் எம்புட்டு நீளம்னு உனக்குத் தெரியாது பாப்பா. நீ இன்னும் வேலைக்குப் போறவ.

இன்னிக்கு ரெண்டாவது சனிக்கிழமை. வாசல்ல திலகராணி ஸ்கூட்டி நிக்குது. மெகராஜ் சிரிப்பு கேக்குதா? அந்தா, டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டுன மாதிரி, அவதான். உள்ள இருக்காளுக. நான் நேரா திரையை விலக்கிட்டுப் போயிருக்கலாம். போக மாட்டேன். அவளுகளா வந்து "வாங்கக்கா"ன்னு ஒரு வார்த்தை கூப்பிடணும். ஒரே ஒரு வார்த்தை. கூப்பிட்டா போயிருவேன், பழசைப் பத்தி மூச்சு விட மாட்டேன். அதுக்குத்தான் இங்கன உக்காந்திருக்கேன். அதுக்குத்தான் உன் சேரையும் மாத்துனேன்.

அட, கரண்டு போச்சு. பயப்படாதே, இன்னிக்கு இந்த ஏரியாவுக்கு மாசாந்திரப் பராமரிப்பு, பேப்பர்லயே போட்டிருந்தாங்க. அஞ்சு மணிக்கு முன்னாடி வராது. இங்க ஜெனரேட்டர் போடுவாங்க, ஆனா லைட்டு மட்டும்தான் எரியும், ஃபேன் ஓடாது. நான் சொன்னா சொன்னபடி இருக்கும் பாரு. அந்தா, லைட்டு வந்துருச்சு. வேர்க்குதா? வேர்த்தா நல்லது. கெட்டதெல்லாம் வெளிய போயிரும்.

எத்தனை நேரம்தான் உக்காந்திருக்கிறது? நான் இங்க இருக்கேன்னு அவளுகளுக்கு எப்படித் தெரியும்? இரு, ஒரு யோசனை.

சோணை! இங்கிட்டு வா. உள்ள ரூமுக்கு ஒரு வாழைத்தண்டு, ஒரு மஞ்சக்கரு எடுத்த முட்டை, ஒரு கிளாஸ் ரசம் கொண்டு போயி வையி. யாரு குடுத்ததுன்னு சொல்லாதே. கேட்டா, உங்க மேல அக்கறை உள்ள ஒருத்தர்னு மட்டும் சொல்லு. அப்படியே ஜெசிந்தா மேடம் முன்னாடி என்ன கிண்ணம் இருக்குன்னு பாத்துட்டு வா.

இப்பப் பாரு. வாழைத்தண்டைப் பாத்ததுமே என் ஞாபகம் வரும். உருகிருவாளுக. வேற யாரு இந்த ஊருல அவளுக உடம்பை நெனச்சுப் பாக்குறா?

சத்தத்தைக் காணோம். மெகராஜ் சிரிப்பும் நின்னுருச்சு. பாத்தியா, மனசுல உறுத்துது.

திரும்பவும் சிரிக்கிறாளுக. மூணு பேரும் சேந்து சிரிக்கிறாளுக. சந்தோசத்துலதான்.

வந்துட்டான் சோணை. என்னடா சொன்னாளுக? கையில என்னது? கீரையா? நான் கீரை கேக்கலையே. ஏய், சுவரொட்டியை எதுக்கு எடுக்கிறே? இன்னும் நான் அதைத் தொடக்கூட இல்ல. சுக்காவையும் எடுக்கிறே! என்னது, உள்ள இருக்கிற மேடம் சொன்னாங்களா? எனக்குப் பிரஷரா? அதை எதுக்கு நீ இம்புட்டுச் சத்தமாச் சொல்றே, மீசைக்காரரு வரைக்கும் திரும்பிப் பாக்குறாரு! உப்பில்லாத மோரா? யாருக்கு உப்பில்லாத மோரு?

"கூட வந்தவங்க வேணாம்னு சொன்னா, கை வச்ச கிண்ணமா இருந்தாலும் எடுத்துரணும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?" அப்படீங்கிறான் பாரு. மூஞ்சியில ஒரு சிரிப்பு இல்லாம சொல்றான் பாரு!

கேட்டியா பாப்பா இந்த அநியாயத்தை? என் இலையில கை வைக்க இவளுக யாரு? எனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளுகளா? வயசான பொம்பளை ஆசையா ஒரு கிண்ணம் வாங்கி வச்சிருக்கேன், அதை நாலு பேரு பாக்க எடுத்துக்கிட்டுப் போனா எனக்கு எப்படி இருக்கும்? அடுத்தவ நாக்கைக் கட்டிப்போட இவளுகளுக்கு யாரு அதிகாரம் குடுத்தது? என் வியாதியை ஊருக்கே கேக்குற மாதிரிச் சொல்றதுக்குப் பேரு அக்கறையா?

என்ன சிரிக்கிறே? புரை ஏறிருச்சா? தண்ணியக் குடி.

இன்னும் என்னடா நிக்கிறே? வேற என்னமோ சொன்னாங்களா? சொல்லு. உள்ள ஒரு சேரு காலியா இருக்காம். வரச் சொன்னாங்களாமா? யாரு, ஜெசிந்தாவா? ஜெசிந்தாவா சொன்னா? ஆனா தட்டு கீழதான் இறங்குமாம். அவங்கவங்க கை வச்சது அவங்கவங்களுக்காம். அடுத்தவங்க இலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம இருக்கிறதா இருந்தா அக்காவை வரச் சொல்லுன்னு சொன்னாளாம்.

எம்புட்டுத் திமிரு! போக மாட்டேன்னு சொல்லு சோணை.

இரு. இருடா. எங்க ஓடுறே?

அந்தா, திரையைக் கையால விலக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா பாரு, ஜெசிந்தா. அதே மாம்பழக் கலரு சேலை. இங்கதான் பாக்குறா. இளைச்சிருக்காளா? இல்ல, நல்லா தெளிஞ்சு இருக்கா. சிரிக்கிறாளோ? சிரிக்கிறா. என்னைப் பாத்துத்தான்.

போறேன் பாப்பா. எனக்கென்ன, வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதா? ஒரு மணி நேரம் பேசாம இருந்தா கொறஞ்சா போயிருவேன்? யாரு எதைத் தின்னா எனக்கென்ன? கோலாவைத் திங்கட்டும், மூளையைத் திங்கட்டும். நான் என் இலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அவளுக பேச்சுச் சத்தம் காதுல விழுந்தா போதும் எனக்கு. சத்தியமா போதும். இந்தா, என் பையை எடுத்துக் குடு. சேலை சரியா இருக்கா பின்னாடி? வர்றேன்டி ஜெசிந்தா, வந்துட்டேன், அங்கயே நில்லு.

ஏய், நீ என்ன செய்யிறே? சோணை, எதுக்குத் தட்டை இறக்குறே? யாரு கூப்பிட்டா உன்னை? பாப்பாவா கூப்பிட்டா? நான் எந்திரிச்சு அந்தப் பக்கம் திரும்பக் கூடாதே! பாப்பா, அது நண்டு ஆம்லெட். அதை வை. அது சூடு, உனக்கு ஆகாது, மூஞ்சியெல்லாம் பரு இருக்கு பாரு. எடு கையை! எடுங்கிறேன்ல! சோணை, பிடுங்கு அதை! பாப்பாவுக்கு இன்னொரு கீரை கொண்டா!

என்ன, எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க? நல்லதுக்குத்தானே சொன்னேன்?

சரி சரி, நான் போறேன். அவ நிக்கிறா, நான் போகணும்.

எங்க அவ? இப்பத்தானே நின்னா. திரை மூடிருக்கு. காத்துக்கு மூடிக்கிச்சு போல. எங்க டேபிளுக்கு நேர் மேல பெரிய ஃபேன் பாப்பா அது, வேகமாச் சுத்துனா இந்தத் திரை இப்படித்தான் படக்குன்னு வந்து மூடிக்கிரும். ஃபேன் காத்துதான்.

என்ன பாப்பா மேல பாக்குறே?

ஆமால்ல. கரண்டு இன்னும் வரலைல்ல.